ஹால் சுவரில் ஏழாம் நம்பர் ரோடு

வீட்டில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்ட நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துச் சுவரை அளந்து பார்ப்பது நல்லது. சுவரின் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, வீட்டிலேயே சின்னப் பிள்ளையின் கை எதுவரை எட்டும். இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அந்தச் சுவரில் எந்த ஊர்களைத் தேடப் போகிறோம் என்பது. நிறம், பிரேம், அறைக்குப் பொருந்துமா என்பதெல்லாம் அப்புறம்தான்.

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் இருந்தது. மனைவியின் அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். அவளுக்கு உலக வரைபடம் வேண்டும். மகளுக்கும் அதுவே ஆசை. மகன் சின்னவன், அவனுக்குக் கலர் நிறைய இருந்தால் போதும். அப்பா எதுவும் சொல்லவில்லை. நாமக்கல்லில் லாரி ஓட்டிய மனிதர். நேஷனல் பர்மிட் வண்டியில் வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போய், நாக்பூரில் ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு திரும்பியவர். வரைபடம் பார்த்து வண்டி ஓட்டிய பழக்கம் அவருக்கு இல்லை. ஊர்களின் வரிசை மனப்பாடம், அவ்வளவுதான்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். பூமத்திய ரேகையின் நீளம் 40,075 கி.மீ. நான்கு கோடிக்கு ஒன்று என்ற அளவில் அச்சிட்ட உலக வரைபடம் ஒரு மீட்டர் அகலம் இருக்கும். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது 400 கி.மீ. வடக்கு தெற்காக 600 கி.மீ.க்குச் சற்று மேல் நீளும் தமிழ்நாடு, அதில் ஒன்றரை சென்டிமீட்டர். நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்தான் வரும். இரண்டு பெயரையும் எழுத இடம் கிடையாது. சுவரையே அடைக்கும் ஒரு படத்தை மாட்டிவிட்டு, அதில் நம் ஊரைக் காட்ட முடியாது என்றால் பிள்ளைகள் எத்தனை நாள் அதன் பக்கம் போவார்கள்?

இந்தியாவுக்குக் கணக்கு வேறு. நம் நாடு வடக்கு தெற்காக 3,214 கி.மீ., கிழக்கு மேற்காக 2,933 கி.மீ. இருபத்தைந்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் ஒரு சென்டிமீட்டர் 25 கி.மீ. ஆகிறது, படம் ஏறக்குறைய 129 செ.மீ. உயரம், 117 செ.மீ. அகலம். ஓரங்களையும் சேர்த்தால் ஹால் சுவரில் சோபாவுக்கு எதிரே கச்சிதமாக உட்காரும். தமிழ்நாடு மட்டும் போதும் என்றால் ஐந்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் ஏறக்குறைய நான்கடி உயரத்தில் முடிந்துவிடும், ஆனால் அதோடு ஓசூரில் உலகம் நின்றுவிடும். அப்பாவின் உலகம் ஓசூர் தாண்டித்தான் தொடங்குகிறது.

அதனால் இந்தியா. உலகத்துக்கு ஓர் உருண்டை வாங்கினோம். இதை விட்டுக்கொடுத்தல் என்று நான் நினைக்கவில்லை. உலகத்தைப் பார்க்க உருண்டைதான் சரியான பொருள். காரணம் இருக்கிறது.

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தால் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும்: வடிவம், பரப்பு, தூரம், திசை, இவற்றில் ஏதாவது. 1569-இல் மெர்காட்டர் வரைந்த முறை மாலுமிகளுக்கானது. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் பாதை அதில் நேர்கோடாக விழும். கடலில் போகிறவனுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் துருவங்களை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருத்துவிடும். அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு. இந்தியாவின் பரப்பு சுமார் 32.87 லட்சம் சதுர கி.மீ.; கிரீன்லாந்து 21.66 லட்சம்தான். அதாவது நம் நாடு கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரியது. மெர்காட்டர் படத்தைப் பார்த்து வளரும் பிள்ளை இதை நம்பவே நம்பாது. இன்றும் சுவரொட்டியாக விற்கும் உலக வரைபடங்களில் இந்த முறை சாதாரணமாகக் கிடைக்கிறது. உலக வரைபடம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் கிரீன்லாந்தை முதலில் பாருங்கள், ஆப்பிரிக்கா அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். 1921-இல் ஓஸ்வால்ட் விங்கல் உருவாக்கிய முறை ஓரளவு நியாயமானது. நேஷனல் ஜியாகிரஃபிக் 1998-இலிருந்து தன் உலக வரைபடங்களுக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டது. பரப்பு சரியாக இருக்க வேண்டும் என்றால் 2018-இல் வந்த ஈக்வல் எர்த் முறை இருக்கிறது. பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

இந்தியா அளவு சின்ன நிலத்தில் இந்தக் கோணல்கள் கண்ணை உறுத்தாது. அங்கே பார்க்க வேண்டியது வேறு. முதலில், எப்போது அச்சானது என்பது. தாளின் மூலையில் போட்ட வருடத்தை நம்பாமல் படத்தையே கேட்கலாம். தெலங்கானா தனியாக இருக்கிறதா? அது 2014 ஜூன் 2. லடாக் தனி ஒன்றியப் பிரதேசமாக இருக்கிறதா? 2019 அக்டோபர் 31. தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒரே பெயரில் வருகிறதா? 2020 ஜனவரி. மாவட்டம் காட்டும் தமிழ்நாட்டுப் படமாக இருந்தால் 38-ஐ எண்ணுங்கள். கடைசியாகப் பிரிந்தது மயிலாடுதுறை, 2020 டிசம்பரில். எங்கள் நாமக்கல்லே 1997 ஜனவரியில்தான் சேலத்திலிருந்து தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய படத்தை அப்பாவிடம் காட்டினால், "அது சரிதான், அப்ப நாம சேலம் ஜில்லா" என்பார்.

இன்னொன்று, எல்லைக்கோடு. வெளிநாட்டில் அச்சான அழகான வரைபடங்களில் காஷ்மீர்ப் பகுதி வேறு மாதிரி வரையப்பட்டிருக்கும். இந்தியாவில் வெளியிடும் படம், அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் எல்லையோடு ஒத்துப்போக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் ஒன்றும் வீட்டுச் சுவரில் இன்னொன்றும் இருந்தால் பிள்ளை கேட்கும். கேட்டால் நல்லதுதான், அதற்குப் பதில் சொல்லத் தயாராக இருப்பவர்கள் வாங்கலாம். நாங்கள் நம் நாட்டில் அச்சானதையே எடுத்தோம்.

இப்போது கடைகளில் காப்பி நிறத்தில், கிழிந்த ஓரம் வரைந்த, பழங்காலத் தோற்றம் கொண்ட வரைபடங்கள் நிறைய வருகின்றன. சுவர் முழுக்க வால்பேப்பராகவே ஒட்டிக்கொடுக்கிறார்கள். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் ஊர்ப் பெயர்கள் குறைவு, இருப்பதும் படிக்க முடியாத சாய்வெழுத்து. குடும்பம் வாழும் வீட்டில் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் வரைபடம்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மாநிலங்களுக்கு ஆளுக்கொரு நிறம் கொடுத்த அரசியல் வரைபடமா, மலையும் சமவெளியும் தெரியும் இயற்கை வரைபடமா? பள்ளியில் பெரும்பாலும் முதல் வகையைத்தான் மாட்டுவார்கள். நான் இரண்டாவதன் பக்கம். உயரத்தை நிறத்தில் காட்டி, அதன் மேல் சாலைகளையும் மாநில எல்லைகளையும் மெல்லிய கோடுகளாகப் போட்ட படம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்தது அப்படி ஒன்று. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பெங்களூர் 900 மீட்டருக்கும் மேலே. பச்சையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து பழுப்பு என்று அந்த ஏற்றம் படத்திலேயே தெரியும். தொப்பூர்க் கணவாயில் ஏன் அவ்வளவு விபத்து என்று மகள் கேட்டபோது, அப்பா எழுந்துபோய்ப் பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் விரலை வைத்தார். "மேல இருந்து லோடோட எறங்குறப்ப பிரேக்க மிதிச்சுட்டே வந்தா சூடாயி பிடிக்காது கண்ணு. கியர்லதான் எறக்கோணும்." லாரி பற்றி அவர் பேத்தியிடம் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. அவருக்கு அந்தச் சாலை இன்றும் ஏழாம் நம்பர் ரோடுதான். வாரணாசியில் தொடங்கி ஜபல்பூர், நாக்பூர், ஹைதராபாத், கர்னூல், பெங்களூர், சேலம், நாமக்கல், கரூர், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை 2,369 கி.மீ. ஓடிய பழைய தேசிய நெடுஞ்சாலை 7. 2010-இல் எண்களை மாற்றியபோது நாக்பூருக்குத் தெற்கே உள்ள பாதை முழுவதும் 44 ஆனது, வாரணாசிப் பக்கம் பிரியும் சாலைக்கு வேறு எண் போய்விட்டது. இப்போதைய 44 ஸ்ரீநகரிலிருந்து இறங்கி வருகிறது. படத்தில் 44 என்று அச்சடித்த இடத்தில் எல்லாம் அப்பா சொல்லச் சொல்ல, மகள் சின்ன ஸ்டிக்கரில் 7 என்று எழுதி ஒட்டினாள்.

அந்தச் சாலையைத் தொட்டுக்கொண்டே போகும் இன்னொரு கோடு படத்தில் இருக்கிறது. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. அட்சரேகை, தீர்க்கரேகை அச்சிடாத வரைபடத்தை வாங்கவே கூடாது என்று நான் சொல்வதற்கு இந்தக் கோடுதான் காரணம். மதுரை, நாமக்கல், சேலம், ஹைதராபாத், குவாலியர், ஆக்ரா, டேராடூன், எல்லாமே இந்தக் கோட்டின் மேலேயோ அதை ஒட்டியோ இருக்கின்றன. இந்தியாவின் முதல் துல்லியமான வரைபடத்துக்கு முதுகெலும்பாக அமைந்த அளவீடு இந்தக் கோட்டை ஒட்டித்தான் நடந்தது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில், சுமார் 12 கி.மீ. நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அந்த ஒரு கோட்டின் நீளம் தெரிந்தால் போதும். அதன் இரு முனையிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணத்தை அளந்து, முக்கோணக் கணக்கால் மற்ற இரண்டு பக்கங்களின் நீளத்தையும் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். இப்படியே குன்றிலிருந்து குன்றுக்கு, கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு. கோணம் அளக்கும் தியோடலைட் அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டத் தகடு நெளிந்துபோனது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே சரி செய்தார். தெற்கே கன்னியாகுமரியைத் தொட்டுவிட்டு வடக்கு நோக்கித் திரும்பிய அந்த வேலை, அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இமயமலை அடிவாரம் வரை, ஏறக்குறைய 2,400 கி.மீ. நீண்டது.

லாம்டன் 1823-இல் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இறந்தார். நாக்பூருக்குத் தெற்கே ஹிங்கன்காட் என்ற ஊரில். கல்லறையும் அங்கேயே இருக்கிறது. இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஹிங்கன்காட்டா? வார்தா போற ரோடு பிரியும், அதுக்குப் பக்கம். அங்க எத்தன தடவ வண்டிய நிறுத்தித் தூங்கியிருக்கறேன்." ஏழாம் நம்பர் ரோட்டிலேயே இருக்கிற ஊர் அது. அந்தச் சாலையின் வழியே பாதி ஆயுளை ஓட்டிய ஒருவருக்கும், அந்த நிலத்தை முதன்முதலாக அளந்த ஒருவருக்கும் ஒரே ஊர் தங்குமிடமாக இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த இடத்தில் சிவப்புக் குண்டூசி குத்தியிருக்கிறோம்.

இனி மாட்டுகிற விஷயம். நான்கரை அடி உயரப் படத்துக்குக் கண்ணாடி பிரேம் போடாதீர்கள். நான்கு மி.மீ. கண்ணாடியே 15 கிலோவுக்கு மேல் வரும், டியூப்லைட் வெளிச்சம் அதில் விழுந்து பாதி இந்தியா தெரியாது, பிள்ளைகளின் விரலும் ஊருக்குப் பதில் கண்ணாடியைத்தான் தொடும். பிளெக்ஸ் அடிக்கிற கடைகளில் சன்போர்டு என்று கேட்டால் கொடுப்பார்கள், எடையில்லாத வெள்ளைப் பலகை. வரைபடத்துக்கு மேட் லேமினேஷன் போட்டு, ஐந்து மி.மீ. சன்போர்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். நான்கு மூலையிலும் நடுவிலும் சுவரில் டிரில் போட்டு, பிளக் அடித்து, கண்ணாடிக்குப் போடுகிற மூடி வைத்த ஸ்க்ரூவால் பிடித்துவிட்டால் அசையாது. குண்டூசியும் நன்றாகக் குத்தி நிற்கும். வாடகை வீட்டில் ஓட்டை போட முடியாதவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பழைய வழியே சிறந்தது: துணியில் ஒட்டி, மேலும் கீழும் மரக்கட்டை வைத்து, ஒரே ஆணியில் தொங்கவிடுவது. வீடு மாறும்போது சுருட்டிக்கொண்டு போகலாம்.

ஓதம் ஏறும் சுவர் வேண்டாம். குளியலறைக்கு மறுபக்கச் சுவரும் வேண்டாம்; பலகைக்குப் பின்னால் பூஞ்சை பிடித்தால் வெளியே தெரிய மாதக்கணக்காகும். மேற்குப் பார்த்த ஜன்னலின் வெயில் நேராக விழும் சுவரில் மாட்டினால் சில கோடைகளிலேயே சிவப்பும் மஞ்சளும் வெளுத்து, கடலின் நீலம் மட்டும் மிஞ்சும்.

உயரம்தான் ரொம்ப முக்கியம். படம் மாட்டுகிறவர்கள் வழக்கமாகப் பெரியவர்களின் கண் மட்டத்துக்கு நடுவை வைப்பார்கள். நாங்கள் கீழ் ஓரத்தைத் தரையிலிருந்து இரண்டடியில் வைத்தோம். அப்படி வைத்தால் கன்னியாகுமரியும் தமிழ்நாடும் மகனின் நெஞ்சுக்கு நேரே வரும். டெல்லி மகளுக்கு எட்டும். ஸ்ரீநகரைப் பார்க்க நான் லேசாக நிமிர வேண்டும். தென்னிந்தியக் குடும்பத்துக்கு இது இயல்பாகவே அமைந்த வசதி, வீணாக்கக் கூடாது. படத்துக்கு முன்னால் சோபாவோ, டிவி ஸ்டாண்டோ, பூச்சாடியோ இருக்கக் கூடாது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடம் வேண்டும். எங்களுடையது சாப்பாட்டு மேசைக்கு அருகில் இருக்கிறது. சாப்பிடும்போது செய்தியில் ஏதோ ஊர் பெயர் வந்தால், கை கழுவிவிட்டு வந்து தேடுவார்கள். கழுவாமல் தேடினாலும் லேமினேஷனைத் துடைத்துக்கொள்ளலாம்.

பெரிய அளவில், நிறைய ஊர்ப் பெயர்களோடு தமிழில் அச்சான இந்திய வரைபடம் நான் தேடியவரை கிடைக்கவில்லை. இது எனக்குப் பெரிய குறை. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அவர் போன ஊர்களை எல்லாம் அவர் உச்சரிக்கிறபடியே மகள் தமிழில் எழுதி ஒட்டினாள். நூல் பிடித்து அளக்கும் விளையாட்டும் அப்படித்தான் வந்தது. நாமக்கல்லிலிருந்து நாக்பூருக்கு ஸ்கேல் வைத்தால் 44 செ.மீ. சொச்சம், அதாவது 1,100 கி.மீ. "ஆயிரத்து முன்னூறாவது வரும்" என்றார் அப்பா. குண்டூசிகளைச் சாலையின் வளைவுகளில் குத்தி நூலை அதன் வழியே கொண்டுபோனபோது நூல் நீண்டு அவர் சொன்ன கணக்கை நெருங்கியது.

மழைக்காலத்தில்தான் இந்தப் படத்துக்கு உச்ச வேலை. புயல் உருவானால் வானிலை ஆய்வு மையம் அதன் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மகள் ஒவ்வொரு அறிவிப்புக்கும் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை வங்கக் கடலில் ஒட்டுவாள். சென்னைக்குத் தென்கிழக்கே 400 கி.மீ. என்றால் ஸ்கேலில் 16 செ.மீ. 2024-இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, அங்கேயே நகராமல் நின்றது. பொட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. அடுத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை என்று செய்தி வந்தபோது, புதுச்சேரிக்கு ஆறு சென்டிமீட்டர் தள்ளி, கடலே இல்லாத இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். புயல் கடற்கரைக்காரர்கள் கவலை என்று நாமக்கல்லில் இருந்துகொண்டு நினைத்திருந்த மகன் அன்று அந்த ஆறு சென்டிமீட்டரை விரலால் அளந்தான்.

அப்படியும் இந்த அளவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. காவிரிச் செய்தி வரும்போதெல்லாம் அது தெரிகிறது. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி நமக்கு வர வேண்டிய 177.25 டி.எம்.சி. தண்ணீரை அளக்கும் இடம் பிலிகுண்டுலு. இருபத்தைந்து லட்சத்துக்கு ஒன்றில் அதற்கும் மேட்டூருக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை, பெயரும் போடவில்லை. மோகனூரில் ஆற்றங்கரைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்த இடம் எங்கே என்று தெரிய வேண்டும். அதனால் பிள்ளைகள் படிக்கிற அறைக்கு, ஐந்து லட்சத்துக்கு ஒன்று அளவில் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர் சுருளைப் பிரித்ததும், ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.